கத்தரிக்கோல் யார் கையில்?

சென்ற மாதம் நமது சங்கக் கூட்டத்தில் ஒரு மனு வாசிக்கப்பட்டது. தொலைக்காட்சியில் வரும் சீரியல்களுக்கு அரசாங்கம் தணிக்கை கொண்டுவர வேண்டும் என்று முதலமைச்சருக்கு எழுதப்பட்ட மனு அது. கையெழுத்துப் போட்டிருந்தவர்களில் பெரும்பாலோர் தாய்மார்கள். சங்கமும் தன் முத்திரையைக் குத்தி அனுப்பிவைக்க வேண்டும் என்பது அவர்களுடைய வேண்டுகோள். மாந்தோப்பு வேலைக்குப் போகிற ஒரு சகோதரி எழுந்து நின்று சொன்னார்: "நான் தோப்புக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள எம் பொண்ணு மூணு சீரியல் பாத்து முடிச்சர்றா. மாமியாளுக்கு வெஷம் வெக்கறது எப்படின்னு அதுல பாத்துத்தான் அவ தெரிஞ்சுக்கோணுமா?"

கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. மனுவின் மீது நிர்வாகக் குழு இன்னும் முடிவெடுக்கவில்லை. முடிவெடுப்பதற்கு முன் இவ்விதழ் தன் கருத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடக் கடமைப்பட்டிருக்கிறது. அந்தச் சகோதரியின் கவலை நியாயமானது. ஆனால் மனுவில் கேட்டிருக்கும் மருந்து தவறானது.

கவலை நியாயமானது என்பதற்குச் சாட்சி வெளியே தேட வேண்டியதில்லை. 2020-ம் ஆண்டுக்கான கேரள அரசின் தொலைக்காட்சி விருதுகள் 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டபோது, சிறந்த தொடருக்கான விருதைப் பெறத் தகுதியான ஒன்றுகூட வரவில்லை என்று நடுவர் குழு அந்த விருதையே நிறுத்தி வைத்தது. பெண்களையும் குழந்தைகளையும் சித்திரிக்கும் விதம் குறித்துத் தன் வருத்தத்தையும் தெரிவித்தது. 2024 நவம்பரில் கேரள மகளிர் ஆணையத்தின் பரிந்துரைகள் பத்திரிகைகளில் வெளிவந்தன. சீரியல்களை ஒளிபரப்புக்கு முன் பரிசீலிக்க ஒரு குழு வேண்டும், ஒரு தொடர் இருபது முப்பது பாகங்களுக்கு மேல் நீளக்கூடாது என்பவை அவற்றுள் சில. அதே மாதத்தில் கேரளச் சலச்சித்ர அகாதமியின் தலைவராயிருந்த நடிகர் பிரேம்குமார், சில சீரியல்கள் எண்டோசல்ஃபானைப் போல் கொடியவை என்று பேசினார். சீரியல் கலைஞர்களின் சங்கமான 'ஆத்மா' அதற்கு எதிர்ப்புத் தெரிவித்தது. ஆதரித்தும் எதிர்த்தும் பல நாள் வாதம் நடந்தது.

எண்டோசல்ஃபான் என்ற சொல்லைத் திருவனந்தபுரத்தில் உவமையாகச் சொல்லலாம். முதலமடையில் அது உவமை அல்ல. காசர்கோட்டில் 1970-களின் பிற்பகுதி தொடங்கி 2000 வரை தோட்டக் கழகத்தின் முந்திரிக் காடுகளில் ஹெலிகாப்டரில் தெளிக்கப்பட்ட மருந்து அது. நம் ஊர் மாந்தோப்புகளிலும் அது அடிக்கப்பட்டதென்றும், இங்கே ஊனத்தோடு பிறந்த பிள்ளைகளுக்கு அதுதான் காரணமோ என்றும் கேள்வி எழுந்ததை நாம் அறிவோம். நாடு முழுவதும் அதை உச்சநீதிமன்றம் தடுத்து நிறுத்தியது 2011 மே 13-ல்தான். காசர்கோட்டில் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி அதே நீதிமன்றம் உத்தரவிட்டது 2017 ஜனவரியில்.

இரண்டும் ஒன்றா என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். தோப்பில் மருந்தடிக்கிறபோது காற்றில் வருகிற விஷத்தைக் குடிசையில் தூங்கும் குழந்தை வேண்டாமென்று சொல்ல முடியாது. கிணற்றுத் தண்ணீரில் கலந்ததைத் தாய் பிரித்தெடுக்க முடியாது. திருகி நிறுத்துவதற்கு அங்கே ஒரு குமிழும் இல்லை. ஆகவே அங்கே அரசாங்கம்தான் தடுக்க வேண்டும். தடுக்கத் தாமதித்த ஒவ்வொரு ஆண்டும் குற்றம். சீரியல் அப்படி வருவதில்லை. நாம் காசு கட்டி, பெட்டி வாங்கி, விரலால் அழுத்தி வரவழைக்கிறோம். அதே விரலால் நிறுத்தவும் முடியும். மனிதன் தானாக விலக்கிக்கொள்ள முடியாத கேட்டுக்கு அரசின் தடை வேண்டும். விலக்கிக்கொள்ளக்கூடிய கேட்டுக்கும் அரசின் தடையைக் கேட்டால், நம் வீட்டுத் திறவுகோலை நாமே கொண்டுபோய் அதிகாரியின் மேஜையில் வைத்தவர்களாவோம்.

அந்தத் திறவுகோலை வாங்கியவர்கள் அதைக் கொண்டு என்ன செய்தார்கள் என்பதற்கு நாட்டில் உதாரணங்கள் உண்டு. குழந்தைகள் பார்க்கத் தகாத படங்கள் தொலைக்காட்சியில் வருகின்றன என்று மும்பையில் ஒரு கல்லூரி ஆசிரியை உயர்நீதிமன்றத்துக்குப் போனார். நோக்கம் நல்லதுதான். நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2006 ஆகஸ்டில் போலீசார் கேபிள்காரர்கள் மீது நடவடிக்கை எடுத்தனர். நல்ல படம் எது, கெட்ட படம் எது என்று கேபிள்காரர் எப்படிப் பிரிப்பார்? சினிமாச் சேனல்களையே அவர்கள் நிறுத்திவிட்டார்கள். 2017-ல் சென்னையில் 'பிக் பாஸ்' தமிழ்ப் பண்பாட்டைக் கெடுக்கிறது என்று இந்து மக்கள் கட்சி போலீஸ் கமிஷனரிடம் புகார் கொடுத்து, கமல்ஹாசனைக் கைது செய்யவே கேட்டது. பிடிக்காத நிகழ்ச்சி என்பதிலிருந்து கைது வரைக்கும் ஓரடி தூரந்தான் இருந்தது.

நீதிமன்றங்கள் நிதானமாகப் பார்த்த வழக்குகளும் உண்டு. பிரிவினைக் கலவரத்தைக் காட்டிய 'தமஸ்' தொடரை 1988-ல் தூர்தர்ஷனில் நிறுத்த வேண்டுமென்று வழக்கு வந்தபோது, பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதிகள் அதை முழுவதும் போட்டுப் பார்த்த பிறகே ஒளிபரப்பலாம் என்றார்கள். உச்சநீதிமன்றமும் தடை விதிக்க மறுத்தது. எதற்கெடுத்தாலும் ஆபத்தைக் காணும் பலவீனமான மனத்தை அளவுகோலாக வைக்காதீர்கள், சாதாரண அறிவுள்ள மனிதனை வைத்து அளந்து பாருங்கள் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். இடஒதுக்கீட்டைப் பற்றிய 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்தின் சான்றிதழைச் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 1989 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. அந்தப் படத்தின் கருத்து நமக்கு உடன்பாடானதல்ல. ஆனாலும் கலவரம் வரும் என்ற மிரட்டலுக்குப் பயந்து பேச்சை அடக்கக்கூடாது, ஒழுங்கைக் காப்பது அரசின் பொறுப்பு என்ற அந்தத் தீர்ப்பு நமக்கும் பாதுகாப்பு.

கத்தரிக்கோல் சீரியலோடு நிற்கும் என்று நம்புகிறவர்கள் கேரளத்திலேயே நடந்ததைப் பார்க்கலாம். 'மீடியா ஒன்' என்ற மலையாளச் செய்திச் சேனலை 2022 ஜனவரி 31-ல் மத்திய அரசு நிறுத்தியது. காரணம் என்னவென்று சேனலுக்குச் சொல்லவில்லை; மூடி முத்திரையிட்ட உறையில் வைத்து நீதிபதிகளிடம் மட்டும் கொடுத்தது. 2023 ஏப்ரல் 5-ல் உச்சநீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. அதுவரை ஒரு வருஷத்துக்கு மேல் வழக்காட அந்தச் சேனலுக்குப் பணமும் வக்கீலும் இருந்தார்கள். நம்மைப் பற்றிய ஒரு செய்தியை யாராவது வெட்டினால், உறையைத் திறக்கச் சொல்லி வழக்காட நமக்கு யார் இருக்கிறார்கள்?

இந்தக் கேள்வி வேறு எவரையும்விட நமக்கு முக்கியமானது. 2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண்கள் 20 சதவீத போனஸ் கேட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். தங்கள் தொழிற்சங்கத் தலைவர்களையே தள்ளி நிற்கச் சொன்னார்கள். 'பெண்கள் ஒற்றுமை' என்ற அந்தப் போராட்டத்தைச் சேனல்கள் நாள் முழுவதும் காட்டின. கேரளம் முழுக்க வீடுகளில் உட்கார்ந்து பார்த்தவர்கள், 232 ரூபாய்க் கூலிக்குக் கொழுந்து பறிக்கிறவர்கள் தமிழ்ப் பெண்கள் என்பதை முதல் தடவையாகக் கண்டார்கள். போனஸ் கேட்டபடி கிடைத்தது. அக்டோபரில் கூலி 301 ரூபாயாயிற்று. அமைதிக்குப் பங்கம் என்று சொல்லி அந்தக் காட்சிகளை வெட்டும் அதிகாரம் அன்று யாரிடமாவது இருந்திருந்தால், அது பயன்படுத்தப்படாமல் இருந்திருக்கும் என்று நம்ப நமக்குக் காரணமில்லை.

மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. 2011 கடைசியில் முல்லைப்பெரியாறு பிரச்சினையின்போது, அணை உடையப்போகிறது என்று இரவும் பகலும் பீதி கிளப்பியதும் இதே தொலைக்காட்சிதான். இடுக்கி ஏலத்தோட்டங்களில் வேலை செய்த நம் மக்கள் பயந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தேனிப் பக்கம் வந்து சேர்ந்த நாட்கள் அவை. தமிழ்நாடு அரசு அந்த நவம்பரில் 'டேம் 999' என்ற படத்தைத் தடை செய்தது. அந்தத் தடையால் இடுக்கியில் ஒரு தமிழ்த் தொழிலாளிக்காவது பாதுகாப்புக் கிடைத்ததா? தேவைப்பட்டது போலீஸ் காவலும், இரண்டு மாநிலத்துத் தலைவர்களின் பொறுப்பான பேச்சும். ஒரு படத்தைத் தடுப்பது அரசுக்குச் சுலபமான வேலை. அதைச் செய்துவிட்டுக் கடினமான வேலையைச் செய்ததாகக் காட்டிக்கொள்ளலாம். சீரியல் தணிக்கையும் அப்படி ஆகிவிடும் என்பதே நம் அச்சம்.

அப்படியானால் பெற்றோர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டு இவ்விதழ் ஒதுங்கிவிடுமா? இல்லை. "பெற்றோர் பொறுப்பு" என்று மேடையில் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஆறு மணிக்கு வீடு திரும்பும் உத்தியோகஸ்தர்கள். அவர்கள் பிள்ளைக்குத் தனி அறை உண்டு, படிப்பு மேஜை உண்டு, பாட்டு வகுப்பு உண்டு. இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புகிற தோப்புத் தொழிலாளியின் வீட்டில் ஒரே அறைதான். லயத்து வீட்டிலும் அப்படியே. அந்த ஓர் அறையில் பெட்டியும் அடுப்பும் பாயும் பிள்ளையும் சேர்ந்தே இருக்கின்றன. பெட்டிதான் பல வீடுகளில் ஆயா வேலை பார்க்கிறது. 2006 முதல் எல்லைக்கு அந்தப்புறம் நம் உறவினர்களுக்கு இலவச வண்ணத் தொலைக்காட்சி கிடைத்தது. நாம் தவணை கட்டி வாங்கினோம். அந்தப் பெட்டியை அணைத்துவிட்டுப் பிள்ளை எங்கே போகும் என்பதற்குப் பதில் சொல்லாமல், அணையுங்கள் என்று உபதேசிப்பது நியாயமல்ல.

ஆகவே மூன்று காரியங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, கையில் இருக்கும் உரிமையை அறிந்துகொள்வது. 2019 பிப்ரவரி முதல், வேண்டிய சேனலுக்கு மட்டும் காசு கட்டலாம் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. கேபிள்காரர் கொடுக்கும் கட்டை அப்படியே வாங்க வேண்டிய கட்டாயமில்லை. வேண்டாத சேனலை எடுத்துவிடச் சொல்லலாம். பெரும்பாலான பெட்டிகளில் இரகசிய எண் போட்டுச் சேனலைப் பூட்டிவைக்கும் வசதி இருக்கிறது. பூட்டத் தெரியாதவர்களுக்கு நம் சங்க இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகச் சென்று கற்றுக்கொடுக்க வேண்டும். ஒரு நிகழ்ச்சி உண்மையிலேயே வரம்பு மீறினால் புகார் எழுதலாம். 1995-ம் ஆண்டின் கேபிள் சட்டப்படி நிகழ்ச்சி நெறிமுறை ஒன்று உண்டு. 2021-ல் வந்த விதிகளின்படி, புகாருக்குச் சேனல் 15 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேலே போகலாம். ஒளிபரப்பான பிறகு, காரணம் காட்டி, எதிர்த்தரப்புப் பதில் சொல்லும் முறை இது. முன்கூட்டியே வெட்டுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

இரண்டாவது, பிள்ளைகளுக்குப் போக்கிடம். 2020 ஜூன் 1 முதல், கொரோனாக் காலத்தில், விக்டர்ஸ் சேனலில் பாடம் நடந்தபோது, வீட்டில் பெட்டி இல்லாத பிள்ளைகளுக்காக நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் பெட்டி வைத்துப் பெரியவர்கள் கூட இருந்து காட்டினார்கள். அன்று முடிந்தது இன்றும் முடியும். நமது சங்க அறை மாலை ஐந்திலிருந்து எட்டு மணிவரை திறந்திருக்கட்டும். தமிழ்ப் பத்திரிகையும் கதைப் புத்தகமும் இருக்கட்டும். பெட்டியும் இருக்கட்டும், பார்த்ததைப் பற்றிப் பிள்ளைகளோடு பேச ஓர் அக்காவும் இருக்கட்டும். மாமியார் விஷம் வைக்கும் காட்சியைத் தனியாகப் பார்க்கிற பிள்ளை பயப்படும், அல்லது நம்பும். பக்கத்தில் ஒருவர் இருந்து "இதெல்லாம் நடக்கிற கதையா?" என்று கேட்டால் அதுவே சிரிக்கும்.

மூன்றாவது, அரசிடம் கேட்க வேண்டியதை அரசிடம் கேட்பது. 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்று 1951-ம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதினார்கள். மாந்தோப்பில் குத்தகைதாரரிடம் நாள் கூலிக்குப் போகிற பெண்ணின் பிள்ளைக்கு என்ன இருக்கிறது? வேலை நேரத்துக்கு ஒரு வரம்பு, வேலை செய்யும் பெண்களின் குழந்தைகளுக்குக் காப்பகம், தமிழ் வழிப் பள்ளிகளில் போதிய ஆசிரியர்கள், ஊர் நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள்: மனு எழுதுவதானால் இவற்றைக் கேட்டு எழுதுவோம்.

மனுவில் கையெழுத்திட்ட தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கோபத்தை இவ்விதழ் குறைத்து மதிக்கவில்லை. உங்கள் பிள்ளை எதைப் பார்க்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமை உங்களுடையது. அதைத் தலைமைச் செயலகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்குவது கடினம். மனுவைக் கிழித்தெறிய வேண்டியதில்லை. முதல் பாராவை, அதாவது உங்கள் கவலையைச் சொல்லும் பகுதியை, அப்படியே வைத்துக்கொண்டு கோரிக்கைகளை மாற்றி எழுதுவோம். அடுத்த கூட்டத்தில் அந்தச் சகோதரியே அதை வாசிக்க வேண்டும் என்று இவ்விதழ் கேட்டுக்கொள்கிறது. சங்க முத்திரை அதன் கீழ் விழும்.