வன்னியின் காற்றும் வெயிலும் யாருக்கு?

மூன்றாண்டுகளுக்குச் சற்றே மேற்பட்ட காலத்திற்குள் மூன்று ஜனாதிபதிகளின் கீழ் மூன்று தடவைகள் இந்நாட்டின் மின்சாரச் சட்டம் மாற்றப்பட்டிருக்கின்றது. ஒவ்வொரு தடவையும் ஆளுந்தரப்பின் பெரும்பான்மையே அதனைத் தீர்மானித்தது. எரிசக்தியும் காலநிலையும் ஐந்தாண்டுக் கணக்கில் அடங்கும் விடயங்கள் அல்ல. ஆயினும் அவை பற்றிய சட்டங்கள் ஓர் ஆட்சியின் ஆயுளைக்கூடத் தாண்ட முடியாதவையாக இருப்பது கவலைக்குரியதாகும்.

2022 ஜூனில் கோட்டாபய ராஜபக்ஷ அரசாங்கம் 2009ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்திற்குத் திருத்தம் கொண்டுவந்து 120 வாக்குகளால் நிறைவேற்றியது. பெரிய மின்னுற்பத்தித் திட்டங்களுக்குப் போட்டி விலைமனு கோர வேண்டும் என்ற கட்டுப்பாடு அதன் மூலம் தளர்த்தப்பட்டது. எதிர்க்கட்சியின் ஆட்சேபங்கள் செவிமடுக்கப்படவில்லை. 2024 ஜூனில் ரணில் விக்கிரமசிங்க அரசாங்கம், மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்கும் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. அன்று அதனை எதிர்த்த தேசிய மக்கள் சக்தி, ஆட்சிக்கு வந்தபின் 2025 ஆகஸ்டில் அச்சட்டத்தைத் தனது கொள்கைக்கேற்பத் திருத்திக்கொண்டது. இவற்றுள் எது நல்லது, எது தீயது என்பது வேறு விவாதம். ஒருவர் இயற்றுவதை மற்றவர் மாற்றும் இந்த வழக்கத்தின் விலையைச் செலுத்துவது யார் என்பதே எமது கேள்வி.

இதற்கான விடையைப் பூநகரியில் காணலாம். மன்னாரில் 250 மெகாவற், கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரியில் 234 மெகாவற் என மொத்தம் 484 மெகாவற் காற்றாலைத் திட்டத்தை இந்தியாவின் அதானி நிறுவனத்திற்கு வழங்க முன்னைய ஆட்சிகள் இணங்கின. போட்டி விலைமனு எதுவும் கோரப்படவில்லை. 2024 மே மாதத்தில் ஓரலகுக்கு 8.26 அமெரிக்க சதம் என்ற விலைக்கு அமைச்சரவை அங்கீகாரம் அளித்தது. ஆட்சி மாறியதும் அந்த விலை மீளாய்வுக்கு உட்படுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. திட்டம் வந்தபோதும் பூநகரி மக்களின் இணக்கத்தில் அது தங்கியிருக்கவில்லை. அது போனபோதும் அப்படியே. யாரோ பேசி முடித்த கல்யாணம், யாரோ பேசி முறிந்தது. மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் கொழும்பிலேயே இருந்தன.

மன்னாரில் நிகழ்ந்ததும் இதன் மறுபக்கமே. 2025 ஆகஸ்டில் புதிய காற்றாலைகளுக்கு எதிராக அங்குள்ள மக்கள் மத வேறுபாடின்றி வீதியில் இறங்கினர். ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க பணிகளை ஒரு மாதம் இடைநிறுத்துமாறு பணித்தார். ஆனால் செப்டெம்பர் இறுதியில் பொலிஸ் பாதுகாப்புடன் உபகரணங்கள் கொண்டுசெல்லப்பட்டபோது மக்கள் தாக்கப்பட்டனர். மக்களின் இணக்கத்தைச் சட்டம் கட்டாயமாக்காத இடத்தில், இறுதியில் தடியே பேசுகின்றது.

காற்றாலை வேண்டாம் என்பதல்ல எமது வாதம். எரிசக்திப் பாதுகாப்பு என்றால் என்னவென்று வன்னி மக்களுக்கு எவரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் அவர்கள். ஜாம் போத்தல் விளக்கில் சில துளி மண்ணெண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகளைப் பரீட்சைக்குப் படிப்பித்தவர்கள். 2022இல் நாடு முழுவதும் 13 மணிநேர மின்வெட்டை அனுபவித்தபோது, தெற்கிற்குப் புதிதாக இருந்த இருள் வன்னிக்குப் பழகியதாக இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்று 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டபோது முல்லைத்தீவின் கரையில் படகுகள் பல கடலுக்கு இறங்காமல் கிடந்தன. இறக்குமதி எரிபொருளில் தங்கியிருப்பதன் ஆபத்தை அந்த மீனவரைவிட நன்கறிந்தவர் யார்?

காலநிலையின் சீற்றத்தையும் இம்மண் அறியும். 2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின. இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்ட விதம் அன்று பெரும் சர்ச்சைக்குள்ளானது. 2020 டிசெம்பரில் புரெவிப் புயல் முல்லைத்தீவுக் கரையை அண்மித்து நாட்டினுள் நுழைந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டபோது வன்னியின் வயல்களும் வீதிகளும் நீரில் அமிழ்ந்தன. புயல் ஆளுங்கட்சியின் வீட்டையும் எதிர்க்கட்சியின் வீட்டையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.

உலக அனுபவமும் இதையே உணர்த்துகின்றது. பிரித்தானியாவின் 2008ஆம் ஆண்டுக் காலநிலை மாற்றச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. பல பிரதமர்கள் மாறியும் அச்சட்டம் நிலைத்தது. இன்று அதனை நீக்குவோம் என்று கன்சர்வேற்றிவ் கட்சித் தலைமை கூறினாலும், பதினேழு ஆண்டுகள் அது ஆற்றிய பணி அழிந்துவிடாது. மாறாக, அமெரிக்காவில் 2022இல் குடியரசுக் கட்சியின் ஒரு வாக்குக்கூட இன்றி நிறைவேறிய தூய எரிசக்திச் சலுகைகளின் பெரும்பகுதி, மூன்றே ஆண்டுகளில், 2025 ஜூலையில் வெட்டப்பட்டது. ஒரு கை ஓசை நீடிப்பதில்லை.

இங்கே வன்னிக்கு ஓர் அரிய வாய்ப்பு உள்ளது. 2024 நவம்பர் தேர்தலில் வன்னி மாவட்டம் தெரிவுசெய்த ஆறு உறுப்பினர்கள் ஐந்து கட்சிகளைச் சேர்ந்தவர்கள். அவர்களுள் தமிழரும் உளர், முஸ்லிம்களும் உளர்; ஆளுந்தரப்பினரும் உளர், எதிர்த்தரப்பினரும் உளர். கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு பேரையும் சேர்த்தால் பன்னிருவர். பலவீனமாகக் கருதப்படும் இந்தப் பன்மை, இவ்விடயத்தில் பலமாகலாம். பன்னிருவரும் ஒரே திருத்தத்தில் கையொப்பமிட்டால் அதனைக் கட்சி அரசியல் என்று எவரும் ஒதுக்கிவிட முடியாது.

அத்திருத்தத்தில் இடம்பெற வேண்டியவை என நாம் கருதுவன மூன்று. முதலாவது, காணி. 1990இல் வெளியேற்றப்பட்டு மீண்டுவந்த முல்லைத்தீவு முஸ்லிம்களும், போரினால் இடம்பெயர்ந்து திரும்பிய தமிழ் விவசாயிகளும் தம் காணிகள் காடாகவோ அரச நிலமாகவோ காட்டப்படுவதால் ஒருங்கே துன்புறுகின்றனர். 2025 மார்ச்சில் வடக்கின் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணி தொடர்பாக வெளியான வர்த்தமானி ஏற்படுத்திய அச்சம் மறக்கப்படவில்லை. ஆகவே, உரிமைப் பிணக்குத் தீராத காணியில் எத்திட்டமும் தொடங்கலாகாது. சூழல் அறிக்கைகள் தமிழில் வெளியாகி, பகிரங்க விசாரணை அவ்வூரிலேயே நடைபெற வேண்டும்.

இரண்டாவது, பங்கு. மின் விற்பனை வருமானத்தில் ஒரு நிலையான வீதம் அப்பிரதேச சபைக்கும், பாதிக்கப்படும் மீனவர், விவசாயிகளின் சங்கங்களுக்கும் சட்டப்படி உரித்தாக வேண்டும். நிறுவனம் விரும்பினால் கொடுக்கும் நன்கொடையாக அது இருக்கக்கூடாது.

மூன்றாவது, அதிகாரம். 13ஆவது திருத்தத்தின் மாகாண சபை நிரலில் தேசிய மின்கட்டமைப்புக்கு வழங்கப்படாத மின்னுற்பத்தி சேர்க்கப்பட்டுள்ளது. பெருந்திட்டங்கள் கொழும்பின் கையிலேயே உள்ளன. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் அந்தச் சிறிய அதிகாரமும் ஆளுநரின் அலுவலகத்தில் உறங்கியது. பெருந்திட்டங்களிலும் மாகாணத்தின் கருத்தைப் பெறுவது கட்டாயமாக்கப்பட வேண்டும்.

2030இல் நாட்டின் மின்சாரத்தில் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து பெறுவதாக இலங்கை உலகிற்கு வாக்களித்திருக்கின்றது. அந்த வாக்கு நிறைவேற வேண்டுமாயின் வடக்கின் காற்றும் வெயிலும் இன்றியமையாதவை. எனவே வன்னி கையேந்தி நிற்கவில்லை. கொடுக்கும் இடத்தில் நிற்கின்றது. கொடுப்பவர் நிபந்தனை விதிப்பதில் தவறேதுமில்லை. அந்த நிபந்தனையை ஒரே குரலில் எழுத்தில் வைக்கவேண்டிய பொறுப்பு, மக்களின் வாக்கைப் பெற்றுச் சென்ற பன்னிருவரையும் சார்ந்ததாகும்.