பணியாரம் சுட்டவர்கள்

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு இரண்டு காகிதங்கள் வரும். கேரல் பவனி எந்தத் தெருவுக்கு எந்த இரவு வருகிறது என்று சொல்லும் அட்டவணை ஒன்று. கிறிஸ்துமஸ் கொண்டாடுவதே பாவம் என்று சொல்லும் துண்டுப்பிரசுரம் மற்றொன்று. டிசம்பர் 25 சூரிய தேவனின் பிறந்தநாள், மரம் ஜோடிப்பதை எரேமியா கண்டித்திருக்கிறார், இதற்கெல்லாம் மூலம் பாபிலோனின் செமிராமிஸ் என்ற வேசி. இவ்வளவுதான் அதன் சாரம். முடிவில் தடித்த எழுத்தில் ஒரு சொல்: அஞ்ஞானம்.

இந்தச் சொல்லோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. லத்தீனில் 'பாகானுஸ்' என்றால் நாட்டுப்புறத்துக்காரன். தமிழில் அவன் அறிவில்லாதவன் ஆனான். 1713இல் தரங்கம்பாடியில் சீகன்பால்க் அச்சிட்ட சிறு நூல் ஒன்றின் பெயரிலேயே 'அக்கியானம்' இருக்கிறது. ஆக, இந்த வகைத் துண்டுப்பிரசுரத்துக்குத் தமிழில் வயது முன்னூறு. யார் அஞ்ஞானி என்று தீர்ப்புச் சொன்ன முன்னூறு வருடமும் தீர்ப்புச் சொன்னவர்கள் ஆண்கள். தீர்ப்பு நிறைவேறிய இடம் பெரும்பாலும் பெண்ணின் உடம்பு, பெண்ணின் வாசல், பெண்ணின் அடுப்படி.

என் அம்மா ஐம்பது வயதுக்கு மேல் அப்படி ஒரு சபையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தாள். கம்மல் போயிற்று. தலையில் பூ போயிற்று. வாசலில் நட்சத்திரம், அக்கம்பக்கத்துக்குப் பலகாரத் தட்டு எல்லாம் போயின. அப்பாவும் கூடவே முழுகினார். ஒரு மோதிரத்தைக் கழற்றினார், அவ்வளவுதான். வேட்டி சட்டையில் அஞ்ஞானம் எதுவும் இல்லை போலும். "முறுக்கு சுடுற வேலையாவது மிச்சம்" என்று அம்மா சொன்னாள். மிச்சமாகவில்லை. அதே வாரம் சபையில் ஆண்டிறுதிக் கூட்டம். நூறு பேருக்குச் சாப்பாடு. ஊரில் யாரும் தட்டை வாங்கிக்கொண்டு "நல்லா வந்திருக்கு" என்று சொல்லாத சமையல்.

அதனால் இந்தக் காகிதத்தின் பூர்வீகத்தைத் தோண்டினேன். செமிராமிஸ் கதை பாபிலோனிலிருந்து வரவில்லை, ஸ்காட்லாந்திலிருந்து வருகிறது. அலெக்சாண்டர் ஹிஸ்லப் என்ற போதகர் 1853இல் ஒரு பிரசுரமாக எழுதி, 1858இல் பெரிய புத்தகமாக விரித்த 'இரண்டு பாபிலோன்கள்' அதன் ஊற்று. கத்தோலிக்கத் திருச்சபையை அடிக்க எழுதிய நூல் அது. நிம்ரோத் என்ற அரசன், அவன் மனைவி செமிராமிஸ், அவன் செத்தபிறகு அவள் முறைகேடாகப் பெற்று, செத்தவனே திரும்பிப் பிறந்தான் என்று ஊரை நம்பவைத்த பிள்ளை. எரிக்கிற கட்டை செத்த நிம்ரோத், ஜோடித்த மரம் மீண்டும் பிறந்த நிம்ரோத். மரியாளின் மடியில் இருக்கும் குழந்தை வரை எல்லாம் அந்த ஒருத்தியின் தந்திரம்!

வேதாகமத்தை அச்சுப் பிசகாமல் நம்புகிறவர்கள் ஆதியாகமம் பத்தாம் அதிகாரத்தை எடுத்துப் பார்க்கட்டும். நிம்ரோத் இருக்கிறான், வேட்டைக்காரனாக. அவனுக்கு மனைவி இல்லை. செமிராமிஸ் என்ற பெயர் வேதாகமம் முழுவதிலும் எங்கும் இல்லை. அந்தப் பெயருக்குப் பின்னால் வரலாற்றில் தெரிகிறவள் சம்முராமத் என்ற அசீரிய அரசி. கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வாழ்ந்தவள். மன்னனான தன் மகனோடு படையெடுப்பில் யூப்ரடீஸைக் கடந்தவள் என்று ஓர் எல்லைக்கல் சொல்கிறது. படையோடு போன பெண்ணைக் கிரேக்கர்கள் கட்டுக்கதை ஆக்கினார்கள், பின்னால் வந்தவர்கள் காமுகி ஆக்கினார்கள், ஹிஸ்லப் உலகத்தின் எல்லா விக்கிரகத்துக்கும் தாய் ஆக்கினார். அமெரிக்கப் போதகர் ரால்ஃப் உட்ரோ இதே கதையை நம்பி 1966இல் புத்தகம் போட்டார். பிறகு ஹிஸ்லப்பின் ஆதாரங்களைச் சரிபார்த்துவிட்டு, அந்தப் புத்தகத்தை நிறுத்தி மறுப்பு நூலும் எழுதினார். அந்த நேர்மை நம்மூர் பிரசுரத்தை இன்னும் எட்டவில்லை.

மரத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். எரேமியா பேசுவது காட்டில் மரம் வெட்டிச் செதுக்கிப் பொன்வெள்ளி பூசிய சிலையைப் பற்றி. வீட்டில் ஜோடிக்கும் மரத்துக்கு நமக்குக் கிடைக்கும் சான்று அல்சாஸ் பகுதியில் 16ஆம் நூற்றாண்டுக் கணக்குப் புத்தகங்கள்தான். நடுவில் இரண்டாயிரம் வருடம் இருக்கிறது.

தேதி விவகாரம் இதைவிடச் சுவையானது. இயேசு டிசம்பர் 25இல் பிறந்தார் என்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு, கி.பி. 354இல் ரோமில் தொகுத்த ஒரு நாட்காட்டி நூலில் இருக்கிறது. வெல்லப்படாத சூரியனின் பிறந்தநாள் அதே தேதிதான் என்று அறிஞர்கள் எடுத்துக்கொள்ளும் குறிப்பும் அதே நூலில்தான். யாரிடமிருந்து யார் எடுத்தார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது. இன்னொரு விளக்கமும் உண்டு. இயேசு மார்ச் 25இல் கருவானார் என்று ஆதிச் சபையில் ஒரு வழக்கு இருந்தது, அகஸ்டினும் அதை எழுதியிருக்கிறார். அங்கிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் டிசம்பர் 25. ஒருபக்கம் சூரியன், மறுபக்கம் ஒரு பெண்ணின் பேறுகாலக் கணக்கு. துண்டுப்பிரசுரம் முதலாவதை மட்டும் சொல்லும். இரண்டாவதை, கிறிஸ்துமஸை ஆதரிக்கும் நம் பிரசங்கிகளும் சொல்லிக் கேட்டதில்லை.

சரி, பழைய வேர் எதுவுமே இல்லையா? இருக்கிறது, இவர்கள் தேடும் இடத்தில் இல்லை. இங்கிலாந்தின் ஜாரோ மடத்துத் துறவி பீட் 725இல் கால அளவைகள் பற்றி ஒரு நூல் எழுதினார். தன் மக்கள் மதம் மாறுவதற்கு முன், நாம் கிறிஸ்துவின் பிறப்பைக் கொண்டாடும் அந்த இரவுக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று அதில் ஒரு வாக்கியம் உண்டு. 'மோட்ராநிக்ட்', தாய்மார் இரவு. அந்த இரவெல்லாம் செய்த சடங்குகளால் அப்படி அழைத்திருப்பார்கள் என்று தான் ஊகிப்பதாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறார். என்ன சடங்கு? எழுதவில்லை. எருது பலியைப் பற்றி எழுதத் தெரிந்தவருக்கு இது தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ளத் தோன்றவில்லை.

ரைன் நதிக்கரையில் கொலோன், பான் நகரங்களைச் சுற்றி, ரோமர் காலத்துக் கற்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. மூன்று பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மடியில் பழக்கூடை. 'தாய்மார்' என்று பெயர் பொறித்திருக்கும். பான் நகரப் பெரிய கோயிலுக்கு அடியில் தோண்டியபோதும் இந்தக் கற்கள் வந்தன, கட்டுமானக் கல்லாக. பீட் சொன்ன தாய்மாரும் இவர்களும் ஒன்றா என்பது ஆய்வாளர்களின் வாதம், முடிந்த விஷயமில்லை. ஆனால் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வோர்ம்ஸ் நகரப் பேராயர் புர்க்கார்ட் பாவசங்கீர்த்தனத்துக்குக் கேள்விகள் தொகுத்தபோது, பெண்களுக்கு என்று ஒரு கேள்வி வைத்தார்: வருடத்தின் சில நாட்களில் வீட்டில் மேசை போட்டு, உண்ணவும் குடிக்கவும் வைத்து, மூன்று கத்திகளும் வைத்து, அந்த மூன்று சகோதரிகள் வந்து பசியாறட்டும் என்று காத்திருந்தாயா? அதாவது பெண்கள் அப்போதும் மேசை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

உடனே அந்தக் காலம் பெண்களின் பொற்காலம் என்று பாடக் கிளம்பும் தோழிகளையும் நான் நம்புவதில்லை. ஆல்ப்ஸ் மலைப்பக்கத்துப் பெர்ச்டாவைப் பாருங்கள். நடுக்குளிர்காலத்தில் வீடுவீடாக வருவாள். அதற்குள் சணல் நூற்று முடித்திருக்க வேண்டும், அந்தப் புனித நாட்களில் ராட்டையைத் தொடவும் கூடாது. மீறியவளின் வயிற்றைக் கிழித்து வைக்கோல் திணிப்பாள் என்பது கதை. இவள் தேவதை இல்லை, மேஸ்திரி. ஆனால் மேஸ்திரியே 'இன்று வேலை இல்லை' என்று சொல்லிவிட்டால் மாமியாரும் கணவனும் வாயைத் திறக்க முடியாது. அந்த ஓய்வை வாங்கித்தர ஒரு பேய் தேவைப்பட்டது. இத்தாலியின் பெஃபானா கதை இன்னும் மோசம். குழந்தையைப் பார்க்கப் போகும் ஞானிகள் கூப்பிட்டார்கள், வீட்டு வேலை கிடக்கிறது என்றாள் கிழவி. அந்தக் குற்றத்துக்காக இன்றுவரை துடைப்பத்தோடு அலைகிறாள். அந்த வேலையை வேறு யார் செய்திருப்பார்கள் என்று கதை கேட்கவில்லை.

எரேமியாவைக் காட்டி மிரட்டுகிறவர்கள் அதே புத்தகத்தின் நாற்பத்துநான்காம் அதிகாரத்தையும் வாசிக்க வேண்டும். வானராக்கினிக்குப் பெண்கள் பணியாரம் சுட்டார்கள் என்பது தீர்க்கதரிசியின் கோபம். ஆம், தமிழ் வேதாகமத்தில் அது பணியாரம்தான். அந்தப் பெண்கள் கூட்டத்தில் நின்று பதில் சொல்கிறார்கள்: நிறுத்த மாட்டோம். அவளுக்குச் செய்துவந்த நாளில் வயிறார உண்டோம், நிறுத்திய பிறகுதான் பட்டினியும் பட்டயமும் வந்தன. எங்கள் புருஷர்களுக்குத் தெரியாமலா செய்தோம்? ஏழாம் அதிகாரம் அதற்குச் சாட்சி. பிள்ளைகள் விறகு பொறுக்க, தகப்பன்மார் நெருப்பு மூட்ட, பெண்கள் மாப்பிசைகிறார்கள். அடுப்பைச் சுற்றி மொத்தக் குடும்பமும் வேலை செய்யும் காட்சி வேதாகமத்தில் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. அதுவும் கண்டனத்துக்காக எழுதப்பட்டிருக்கிறது.

கிறிஸ்துமஸ் கொண்டாடும் சபைகள் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். ஒவ்வொரு டிசம்பரிலும் பிரசங்க மேடையில் 'பண்டிகையின் உண்மைப் பொருள்' பேசும் நேரத்தில், அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் சுட்டுக் கை எரிந்தவள் கடைசி வரிசையில் தூங்கி வழிகிறாள், அல்லது கறியை இறக்கிவைக்க வீட்டிலேயே நின்றுவிட்டாள். கேரல் பவனிக்குப் போன ஆண்கள் விடியற்காலம் திரும்பி வந்து கேட்பது காப்பி.

அயர்லாந்தின் கார்க், கெரி பகுதிகளில் ஜனவரி 6ஆம் தேதிக்குப் 'பெண்கள் கிறிஸ்துமஸ்' என்று பெயர். அன்று பெண்கள் வெளியே போய் ஒருவரோடொருவர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், வீட்டு வேலை ஆண்களுடையது. நம்மிடமும் அதே தேதியில் மூன்று ராஜாக்கள் பண்டிகை இருக்கிறது. எங்கள் சபை மாதர் சங்கத்தில் இந்த வருடம் இதை வைத்திருக்கிறேன்: அன்று சமையலறைக்குள் பெண் யாரும் நுழைவதில்லை, சபைச் சாப்பாட்டுக்கும் சேர்த்து. இது அஞ்ஞானம் என்றால் எந்த அதிகாரம், எந்த வசனம் என்று துண்டுப்பிரசுரக்காரர்கள் வந்து காட்டட்டும். அன்றைக்கு அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுப்பது என் தம்பி.