நாற்பது வயது நாயகிக்குக் களைப்பே வராதா?

‘வைத்தியருக்குச் சினிமா எதுக்கு சார்?’ என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. கணவனைப் பிரிந்து, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து வாழ்க்கையைத் தொடங்கும் பெண்ணின் கதை என்றால், அது என் தொழிலுக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்தான். தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, தலை பாரமாக இருக்கிறது என்று வைத்தியரிடம் வரும் பெண்களில் எத்தனையோ பேருக்கு நோயின் வேர் அங்கேதான் இருக்கிறது!

அந்த ஆசையில்தான் ‘ஹோம் அகெய்ன்’ என்ற ஹாலிவுட் படத்தைப் பார்த்தேன். 2017-ல் வெளியான ரொமான்டிக் காமெடி. நாயகி, ‘வாக் த லைன்’ படத்துக்காக ஆஸ்கார் விருது வாங்கிய ரீஸ் விதர்ஸ்பூன். இயக்குநர் ஹாலி மேயர்ஸ்-ஷையருக்கு இது முதல் படம். அவருடைய அம்மா நான்சி மேயர்ஸ், அப்பா சார்ல்ஸ் ஷையர் இருவருமே இந்த ரகப் படங்களில் பெயர் வாங்கியவர்கள். எதிர்பார்ப்பு இருக்காதா, பின்னே?

கதை இதுதான். நாயகி ஆலிஸுக்கு நாற்பது வயது. கணவனை நியூயார்க்கில் விட்டுவிட்டு, இரண்டு பெண் குழந்தைகளோடு லாஸ் ஏஞ்சலீஸுக்கு வருகிறாள். அங்கே, சினிமா இயக்குநராக இருந்து மறைந்த அப்பாவின் அழகான பெரிய வீடு அவளுக்காகக் காத்திருக்கிறது. பிறந்தநாள் இரவில் மூன்று இளைஞர்கள் அறிமுகமாகிறார்கள். மூவரும் சினிமா எடுக்கத் துடிப்பவர்கள், தங்க இடமில்லாதவர்கள். ஆலிஸின் அம்மாவே அவர்களை விருந்தினர் வீட்டில் தங்கவைத்து விடுகிறார். ஒருவன் காதலன் ஆகிறான். இன்னொருவன், பள்ளி நாடகம் எழுத மூத்த மகளுக்குக் கைகொடுக்கிறான். வீட்டு வேலைக்கும் கம்ப்யூட்டர் வேலைக்கும் ஆள் தேட வேண்டியதே இல்லை!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வைத்தியன் கண்ணோடு பார்த்தால், இந்தப் படத்தில் ஒன்று காணவே காணோம். களைப்பு!

ஆலிஸ் அழுகிறாள், கோபப்படுகிறாள், குடிக்கிறாள். ஆனால் களைத்துப்போவதில்லை. காய்ச்சலில் படுத்த குழந்தைக்காக வேலையை விட்டு ஓடிவருவதில்லை. மாதக் கடைசியில் பர்ஸைத் திறந்து எண்ணிப் பார்ப்பதில்லை. வீட்டு அலங்காரத் தொழில் தொடங்குகிறாள். வாடிக்கையாளராக வந்த பணக்காரப் பெண்மணி அவளை எடுபிடி மாதிரி நடத்துகிறாள். ஆலிஸ் அந்த வேலையை உதறிவிட்டு வந்துவிடுகிறாள். சரி, அடுத்த மாதச் செலவுக்கு? படம் அந்தப் பக்கமே போகவில்லை.

‘காமெடிப் படத்தில் இதையெல்லாம் தேடலாமா?’ என்பீர்கள். தேடலாம். சிரிப்பு உண்மையிலிருந்து வந்தால்தான் மனசு லேசாகும். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு தாய் படும் திண்டாட்டத்தில் எவ்வளவு நகைச்சுவை கொட்டிக்கிடக்கிறது! அதை விட்டுவிட்டு அழகான சோபாக்களையே காட்டிக்கொண்டிருந்தால் கொட்டாவிதான் வரும்.

இதற்கும் மேலே ஒரு வருத்தம் உண்டு. அமெரிக்காவில் இது ஏதோ ஒன்றிரண்டு வீட்டுக் கதை அல்ல. பியூ ஆய்வு மையம் 2019-ல் 130 நாடுகளை ஒப்பிட்டுப் பார்த்தது. பதினெட்டு வயதுக்குட்பட்ட அமெரிக்கப் பிள்ளைகளில் சுமார் 23 சதவீதம் பேர், வேறு பெரியவர் துணை இல்லாமல் அம்மாவோடு மட்டுமோ அப்பாவோடு மட்டுமோ வளர்கிறார்கள். மற்ற எந்த நாட்டையும்விட அதிகம். அப்படிப் பிள்ளை வளர்க்கும் ஒரு பெண் இந்தப் படத்தைப் பார்த்தால் என்ன நினைப்பாள்? ‘அவள் ஜம்மென்று இருக்கிறாளே, நமக்கு மட்டும் ஏன் முடியவில்லை?’ என்றுதானே? அந்தக் குற்ற உணர்ச்சி மாத்திரையில் தீராதுங்க.

வேடிக்கை என்னவென்றால், படத்துக்கே தெரியாமல் அதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. காதலன் முக்கியமான ஒரு விருந்துக்கு வராமல் ஏமாற்றிவிடுகிறான். காதல் தடுமாறுகிறது. ஆனால் அந்த வீட்டுக் குழந்தைகளோடு உட்கார்ந்து பேசியவர்கள், அவர்களுக்காக நேரம் ஒதுக்கியவர்கள் மனதில் நிற்கிறார்கள். ஆலிஸுக்கு முதலில் தேவைப்பட்டது காதலன் அல்ல, தோள் கொடுக்க நாலு பேர். அதைச் சொல்லியிருந்தால் இது வேறு படம்!

தேரையர் தம் நோயணுகா விதியில் மருந்துப் பட்டியல் போடவில்லை. எப்படிச் சாப்பிட வேண்டும், எப்போது உறங்க வேண்டும் என்றுதான் சொல்லிக்கொண்டு போகிறார். உறக்கமும் உணவும் முறை தவறினால் வாதமும் பித்தமும் தலைதூக்கும் என்பது சித்த மருத்துவத்தின் அடிப்படை. நவீன மருத்துவமும் பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது. நாற்பதுகளில் மாதவிடாய் மாற்றங்களும் சேர்ந்துகொண்டால் உடம்பு இன்னும் சீக்கிரம் சோர்ந்துபோகும்.

ஆகவே, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண் இருந்தால், ‘அடுத்து என்ன செய்யப்போறே? மறுகல்யாணம் உண்டா?’ என்று துருவாதீர்கள். அது அவள் முடிவு. வாரத்தில் ஒருநாள் அவள் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீங்கள் அழைத்து வாருங்கள். ஒரு வேளைச் சோறு ஆக்கிக் கொடுங்கள். சோர்வு விடாமல் இருந்தால் ரத்தசோகையும் தைராய்டும் இருக்கிறதா என்று பரிசோதிக்கக் கூடவே போய் வாருங்கள். முக்கியமாக, அவள் நிம்மதியாகத் தூங்க ஒரு ராத்திரி கொடுங்கள்.

புது வாழ்க்கை தொடங்கத் தெம்பு வேண்டாமா? அந்தத் தெம்பைக் கொடுக்க ஹாலிவுட் இளைஞர்கள் வரவேண்டியதில்லை. நாமே போதும்!