டாங்கியில் வந்த அமைதி

ஆக்லாந்துக்காரங்ககிட்ட ராணுவத்தைப் பத்திப் பேச்செடுத்தா, 'பீஸ்கீப்பிங்'கைத்தான் பெருமையா சொல்லுவாங்க. போஸ்னியா, கிழக்குத் திமோர், சாலமன் தீவுகள்னு வரிசையா பேர் வரும். இதே ஊர்ல குடியேறின யாழ்ப்பாணத்துக்காரர் ஒருத்தர்கிட்ட 'அமைதிப்படை'ன்னு சொல்லிப் பாருங்க, முகமே மாறிடும். ரெண்டும் ஒரே வார்த்தைதான் மக்களே!

ஏன் இப்படின்னு கேட்டா காரணம் ஆயிரம் சொல்லலாம். நான் ஒண்ணே ஒண்ணை மட்டும் பார்க்கப்போறேன்: அவங்க ஏறிப்போன வண்டி.

1994-ல் நியூசிலாந்துப் படை ஐ.நா. சார்பா போஸ்னியா போனது, வெள்ளை பெயிண்ட் அடிச்ச எம்113 கவச வண்டிகளில். ராணுவ வண்டின்னா மரத்தோட மரமா ஒளியணும். ஆனா வெள்ளை அடிச்சா ரெண்டு மைல் தள்ளியே தெரியும். தெரியணும்னுதான் அடிக்கிறாங்க. 'நாங்க யாரோடயும் சண்டைக்கு வரலை' என்பதை வண்டியே சொல்லிட்டுப் போகுது.

சரி, சண்டைக்குப் போகாதவங்களுக்குக் கவசம் எதுக்கு? இந்தக் கேள்வியைப் பல இடத்தில் பார்த்துட்டேன். எனக்கு உடன்பாடில்லை. நியூசிலாந்தோட புனரமைப்புக் குழு ஆப்கானிஸ்தானின் பாமியானில் 2003 முதல் 2013 வரை இருந்தது. ஆரம்பத்துல டொயோட்டா பிக்கப்பில்தான் ஊர் ஊரா சுத்தினாங்க. மக்களோட பழகறதுக்கு அது நல்லாவே உதவுச்சு. ஆனா 2012 ஆகஸ்ட் 19-ந் தேதி சாலையோரக் குண்டில் ஒரு ஹம்வி சிதறி மூணு பேர் செத்துப்போனாங்க. அதில் ஒருவர் பெண் மருத்துவ உதவியாளர். 'லேவ்' கவச வண்டியில் போயிருந்தா பிழைச்சிருப்பாங்களான்னு இங்கே பெரிய விவாதமே நடந்தது.

தொழில்நுட்பம் ரொம்ப எளிமை. எம்113, ஹம்வி ரெண்டுக்கும் அடிப்பாகம் தட்டை. கீழே குண்டு வெடிச்சா மொத்த அடியும் உள்ளே இருக்கறவங்களுக்குத்தான். வியட்நாமில் சிப்பாய்கள் எம்113-க்கு உள்ளே உட்கார பயந்து கூரை மேலேயே உட்கார்ந்து போனதுக்கு இதுதான் காரணம். அடிப்பாகம் 'வி' வடிவத்தில் இருந்தா வெடிப்பு ரெண்டு பக்கமும் சிதறிப் போயிடும். 2020-ல் நியூசிலாந்து 43 புஷ்மாஸ்டர் வாங்க முடிவு பண்ணினது அந்த மாதிரி வண்டிதான். இது ஆளைக் காப்பாத்தற வண்டி. எனக்கு இதில் ஒரு பிரச்சினையும் இல்லை.

டாங்கி அப்படியில்லை. டி-72-ன் எடை 40 டன்னுக்கு மேல், பீரங்கியின் விட்டம் 125 மில்லிமீட்டர். ஆளை ஏத்திட்டுப் போறது அதோட வேலையே இல்லை. இன்னொரு டாங்கியை உடைக்கறதுக்காகச் செஞ்சது. யாழ்ப்பாணத்தில் யாரிடம் டாங்கி இருந்தது?

1987 ஜூலை 29-ல் ஒப்பந்தம். வந்திறங்கின இந்தியப் படைக்கு யாழ்ப்பாணத்து மக்கள் மாலை போட்டாங்க. அக்டோபரில் 'ஆபரேஷன் பவன்'. 11-ந் தேதி ராத்திரி யாழ் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரில் படையை இறக்கினாங்க. இறங்கின சீக்கியப் படைப்பிரிவு வீரர்கள் 30 பேரில் 29 பேர் செத்தாங்க, ஒருவர் பிடிபட்டார். சிக்கிக்கிட்ட கமாண்டோக்களை மீட்க டி-72 டாங்கிகள் போனது ரோட்டில் இல்லை, ரயில் தண்டவாளத்தின் மேல்! ரோடு முழுக்கக் கண்ணிவெடி. வழிநடத்திய மேஜர் அனில் கவுல் படுகாயமடைந்தார். அடுத்த பத்து நாளில், தீபாவளி அன்றும் மறுநாளும், யாழ் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்ஸ்களும் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டாங்க.

'கண்ணிவெடி வச்சது புலிகள்தானே'ன்னு ஒருத்தர் பின்னூட்டத்தில் வருவார். ஆமா, அவங்கதான். தன் தோழர்களை மீட்கப் போன டாங்கிக்காரர் மேலயும் எனக்குக் கோபமில்லை. அந்த இடத்தில் யாரா இருந்தாலும் போயிருப்பாங்க. என் கோபம் டெல்லி மேல. டாங்கி தேவைப்பட்ட அன்னிக்கே அது அமைதிப்படை இல்லைன்னு ஆயிடுச்சு. ஒண்ணு 'இது போர்'னு நாட்டுக்குச் சொல்லியிருக்கணும், இல்லைன்னா திரும்பி வந்திருக்கணும். ரெண்டும் செய்யாம 1990 மார்ச் வரைக்கும் அதே பெயர்ப்பலகையை மாட்டியே வச்சிருந்தாங்க.

அந்தப் பெயர் ரெண்டு பக்கத்தையும் கொன்னது. சுமார் 1,200 இந்திய வீரர்கள் செத்தாங்க. திரும்பி வந்தவங்களை வரவேற்க முதல்வர் கருணாநிதி சென்னைத் துறைமுகத்துக்குப் போகலை. ஈழத்து மக்களுக்கோ, 'அமைதிப்படை எங்க வீட்டை இடிச்சுது'ன்னு சொன்னா நம்பறதுக்கே ஆளில்லை. எல்லாத் தரப்பையும் 'முறிந்த பனை'யில் எழுதினவர்களில் ஒருவரான ராஜினி திராணகமவை 1989 செப்டம்பரில் சுட்டே கொன்னுட்டாங்க.

அதனால என் கருத்து இதுதான். வெளிநாட்டுக்கு அமைதிப்படை அனுப்பும் எந்த அரசும், எப்போ வேலை முடிஞ்சுதுன்னு சொல்றதுக்கு ஒரு கோடு போட்டுக்கணும். அடிப்பாகத்தைத் தடிமனாக்கறது வரைக்கும் சரி. பீரங்கியைப் பெரிசாக்கச் சொல்லி தந்தி வருதுன்னா, அன்னிக்கே நாடாளுமன்றத்தைக் கூட்டணும். வண்டியோட அளவு மாறிட்டா அங்கே நடக்கிற வேலையும் மாறிடுச்சுன்னு அர்த்தம்.

டிஸ்கி: ராணுவத்துல இருந்த அப்பா, மாமா யாருக்காவது இருந்தா, அவங்க சொன்னதையும் பின்னூட்டத்தில் எழுதுங்க. திட்டறவங்களும் வரலாம், ஆனா பேரோட வாங்க :-)