ஓலையில் ஒட்டாத மை

போன சனிக்கிழமை ராத்திரி ஆழ்வார்திருநகரியிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். "மாமா, ஓலைய பிரிண்டர்ல விட்டேன். மாட்டிக்கிட்டு."

"என்னல பண்ணுன?"

அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம். பத்திரிகையைப் பனையோலையில் அடிக்க ஆசை. ஆபீஸ் இங்க்ஜெட் பிரிண்டரில் யாருக்கும் தெரியாமல் முயன்றிருக்கிறான். திங்கட்கிழமை காலைக்குள் ஓலை வெளியே வந்தாக வேண்டும்.

பவரை நிறுத்தி, வயரைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, பேப்பர் போகும் திசையிலேயே இரண்டு கையாலும் மெதுவாக இழுக்கச் சொன்னேன். வந்துவிட்டது. பிறகு நாஸில் செக் போட்டுப் பார்த்தான், கோடு விடுபடவில்லை. தப்பித்தான். மை பீய்ச்சும் ஹெட், தாளுக்கு மேலே ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளியில்தான் ஓடுகிறது. சுருண்ட ஓலை அதில் உரசியிருந்தால் ஹெட்டே போயிருக்கும்.

ஓலையில் விழுந்த கொஞ்சம் மையும் துடைத்தால் வந்துவிட்டதாம். வரத்தான் செய்யும். இங்க்ஜெட் மையில் பெரும்பகுதி தண்ணீர். சாதாரணத் தாளின் நார் அதை உறிஞ்சும். போட்டோ பேப்பரில் அதற்கென்றே சிலிக்கா போன்ற நுண்துகள் பூச்சு உண்டு. ஓலையின் வழவழப்பில் மை இறங்க வழியே இல்லை.

அந்தக் காலத்தில் ஓலையில் மையால் எழுதவில்லை, எழுத்தாணியால் கீறினார்கள். பிறகு விளக்குக் கரியைத் தடவித் துடைத்தால், கீறலுக்குள் மட்டும் கறுப்பு தங்கும். அப்படி எழுதிய பத்துப்பாட்டு ஏடு ஒன்று உ.வே.சாமிநாதையருக்கு இதே ஆழ்வார்திருநகரியில், கவிராயர் வீட்டு ஏடுகளிலிருந்துதான் கிடைத்தது. 1889-இல் அது காகிதத்தில் அச்சேறியது. இவன் திருப்பி ஓலைக்குப் போகப் பார்க்கிறான்!

ஓலையை விடுங்கள், கடையில் வாங்கும் விசேஷத் தாளிலும் இதே கதைதான். பளபளப்பான தாளில் படம் நன்றாக விழுந்து, கறுப்பு எழுத்து மட்டும் விரலில் ஒட்டுகிறதா? பல இங்க் டேங்க் பிரிண்டர்களில் கறுப்பு மட்டும் பிக்மெண்ட் மை, மற்ற மூன்றும் டை மை. பிக்மெண்ட் துகள் பளபளப்பின் மேலேயே உட்கார்ந்துவிடும். செட்டிங்கில் 'பேப்பர் டைப்' என்ற இடத்தில் போட்டோ பேப்பரைத் தேர்ந்தெடுத்தால், இப்படிப்பட்ட பிரிண்டர்கள் பெரும்பாலும் மூன்று வண்ணத்தையும் கலந்தே கறுப்பை உண்டாக்கும். பாதிப் பேர் அந்தப் பக்கமே போவதில்லை.

மேட் தாளில் எந்தப் பக்கம் பூச்சு என்று தெரியவில்லையா? விரலை லேசாக ஈரமாக்கி ஓரத்தில் தொடுங்கள். ஒட்டுகிற பக்கம்தான் அது. லேசர் பிரிண்டருக்கான பிளாஸ்டிக் ஷீட்டை இங்க்ஜெட்டில் விட்டால் மை முத்து முத்தாக நிற்கும். இங்க்ஜெட் ஷீட்டை லேசரில் விட்டுவிடாதீர்கள். அந்தச் சூட்டில் உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். தடித்த தாளுக்குப் பின்பக்க டிரே இருந்தால் அதுவே நல்லது. முன்பக்கப் பெட்டியில் வைத்தால் உருளையைச் சுற்றி வளைந்து வர வேண்டியிருக்கும்.

கடைசியில் அவன் 120 ஜிஎஸ்எம் மேட் தாள் வாங்கி, ஒவ்வொன்றாக விட்டு அடித்தான், இந்த முறை ஆபீஸில் சொல்லிவிட்டு. ஒவ்வொன்றையும் சுருட்டி, ஓர் ஓலை நறுக்கால் கட்டியிருக்கிறான். ஆதிநாதப் பெருமாள் பாதத்தில் வைக்கும் முதல் பத்திரிகை மட்டும் முழு ஓலை. ஆணியால் அவனே கீறி, விளக்குக் கரியை நல்லெண்ணெயில் குழைத்துத் தடவினானாம். போட்டோ அனுப்பியிருந்தான். பெண் பேரில் ஒரு கால் விட்டுப்போயிருக்கிறது.