கற்றல் குறைபாடு: தேர்வுச் சலுகை மட்டும் போதுமா?

நன்றாகப் பேசும், சொன்னதை உடனே புரிந்துகொள்ளும் குழந்தை, வாசிப்பதிலோ எழுதுவதிலோ கணக்கிடுவதிலோ மட்டும் தொடர்ந்து பின்தங்கினால், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு காரணமாக இருக்கலாம். இது மூளை எழுத்தையும் எண்ணையும் கையாளும் விதத்தில் உள்ள வேறுபாடு. சோம்பலோ அறிவுக்குறைவோ அன்று.

சட்டம் கூறுவது என்ன?

1995ஆம் ஆண்டின் சட்டம் ஏற்ற 7 வகைக் குறைபாடுகளில் இது இடம்பெறவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஏற்ற 21 வகைகளில் இதுவும் ஒன்று. குறைபாட்டை விரைவில் கண்டறிந்து, ஏற்ற கற்பித்தல் முறைகளை மேற்கொள்ள வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 16ஆம் பிரிவு. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மற்றும் மூன்றாம் மொழிப் பாட விலக்கு ஆகியவற்றுக்கு 17ஆம் பிரிவு வழிசெய்கிறது.

இரண்டும் தேவையே, ஆயினும் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. தேர்வுச் சலுகை, குழந்தை அறிந்ததை வெளிப்படுத்த உதவும், வாசிக்கக் கற்றுத்தராது. ‘கொ’ என்னும் எழுத்தில் ஒற்றைக்கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்க, ஒலியோ மெய்யில் தொடங்குகிறது. இத்தகைய எழுத்து–ஒலித் தொடர்பைச் சிறு படிகளாகப் பிரித்து, கண்டும் கேட்டும் எழுதியும் பலமுறை பயிலச் செய்வதே சிறப்புக் கல்வி. இது தொடக்க வகுப்புகளிலேயே கிடைக்காவிடில், பத்தாம் வகுப்பில் பெறும் சலுகை மதிப்பெண்ணை மட்டுமே காக்கும்.

தடை எங்கே உள்ளது?

இப்பயிற்சியை அளிக்கத் தகுதி பெற்ற ஆசிரியர் பள்ளியில் இருக்க வேண்டும். சிறப்புத் தேவையுடைய மாணவர்களுக்குத் தொடக்க நிலையில் 10 பேருக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ஏற்றது. எனினும், இதற்கான பணியிடங்களை ஒப்பளித்து அறிவிக்குமாறு 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மீண்டும் ஆணையிட நேர்ந்தது. உரிமை ஏட்டில் இருந்தும் ஆசிரியர் வகுப்பில் இல்லாத நிலையையே இது காட்டுகிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை

• முதலில் குழந்தையின் பார்வையையும் செவித்திறனையும் பரிசோதியுங்கள்.

• பள்ளிக்கு வரும் தேசிய சிறார் நலத் திட்ட மருத்துவக் குழுவிடம் உங்கள் ஐயத்தைத் தெரிவியுங்கள். மேல்மதிப்பீட்டுக்கு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தை அணுகலாம்.

• உங்கள் பள்ளிக்கான சிறப்பாசிரியர் யார், வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

• சான்றிதழ் வரும்வரை பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டாம். சான்றிதழ் சலுகைகளைப் பெறுவதற்கு. பயிற்சியோ இன்றே தொடங்கத்தக்கது.

• பிற குழந்தைகளுடன் ஒப்பிட்டுக் கடிந்துகொள்ளாதீர்கள். அச்சம் கற்றலை மேலும் கடினமாக்கும்.