யாருடைய கார் இது?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2020 நவம்பரில் நூற்றுக்கு 75 பேர் ஒரே பக்கம் வாக்களித்தார்கள். கார் கம்பியில்லாமல் கம்பெனிக்கு அனுப்பும் பழுதுத் தகவல் அதன் சொந்தக்காரருக்கும் அவர் நம்பும் மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. அதே மாதம் அதை எதிர்த்துக் கார் நிறுவனங்களின் கூட்டமைப்பு நீதிமன்றப் படியேறியது. வழக்கைக் கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்ய 2025 பிப்ரவரி ஆகிவிட்டது.

இந்தக் கூத்து நடப்பது ஃபோர்டு 'மாடல் டி' பிறந்த நாட்டில். 1908 அக்டோபரில் வந்த அந்தக் காரைப் பற்றிப் பாடப்புத்தகங்கள் அசெம்ப்ளி லைனைத்தான் சொல்லும்: பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த சேஸி வேலை 93 நிமிடத்துக்கு இறங்கியது, 850 டாலர் விலை 1920களின் நடுவில் 260 ஆனது. சரி, இருக்கட்டும். நான் பேச வந்தது 15 போல்ட்டைப் பற்றி.

அந்நாளில் பல என்ஜின்களில் சிலிண்டரும் அதன் மேல்மூடியும் ஒரே வார்ப்பு. மாடல் டி நான்கு சிலிண்டர்களையும் ஒரே கட்டியாக வார்த்து, மூடியை மட்டும் தனியே வைத்தது. 15 போல்ட்டைக் கழற்றினால் மூடி கையோடு வரும். பிஸ்டன் மேல் படிந்த கரியைச் சுரண்டலாம், வால்வைத் தேய்த்து உட்கார வைக்கலாம். விவசாயி தன் கொட்டகையிலேயே செய்துகொண்ட வேலை இது. பெட்ரோல் பம்ப் கிடையாது. இருக்கைக்கு அடியிலிருந்து எரிபொருள் தானாக இறங்கும். அளவு பார்க்க ஒரு குச்சி. டேங்க் வற்றியிருந்தால் செங்குத்து மேட்டில் என்ஜினுக்குப் பெட்ரோல் எட்டாது. காரைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றினார்கள்! முதல் சில ஆயிரம் கார்களுக்குப் பின் தண்ணீர் பம்பும் போயிற்று. சூடேறிய நீர் தானே மேலேறி, ரேடியேட்டரில் ஆறி இறங்கியது. பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பெல்ட் மாட்டி, மரம் அறுத்தவர்களும் உண்டு. இதற்கெல்லாம் யாரும் கம்பெனியிடம் அனுமதி கேட்கவில்லை.

ஹென்றி ஃபோர்டு உத்தமர் இல்லை. தொழிற்சங்கத்தை அடியாட்களை வைத்து நொறுக்கியவர். ஆனால், விற்ற காருக்கு அவர் பூட்டுப் போடவில்லை.

இன்றைய வாரிசுகள் என்ன செய்கிறார்கள்? பிஎம்டபிள்யூ 2022இல் சில நாடுகளில், காரில் ஏற்கெனவே இருக்கும் இருக்கைச் சூடேற்றியை இயக்க மாதச் சந்தா கேட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த ஆண்டு கைவிட்டது. பழுதுத் தகவலைத் திறந்துவிட்டால் ஹேக்கர்கள் புகுந்துவிடுவார்கள் என்கின்றன கார் நிறுவனங்கள். திருடனைக் காட்டி வீட்டுக்காரனை வெளியே நிறுத்துகிற நியாயம் இது! ஏர்பேக், புகைக் கட்டுப்பாடு எல்லாம் வந்தபின் கார் சிக்கலாகத்தானே இருக்கும் என்கிறார்கள் பொறியாளர்கள். சிக்கல் வேறு, பூட்டு வேறு என்பது தெரியாதவர்களா அவர்கள்?

தகவலைத் தா என்று இனியும் கெஞ்சக்கூடாது. கடையில் கிடைக்கும் கருவியால் சொந்தக்காரர் திறந்து பார்க்க முடியாத காருக்குப் பதிவு எண்ணே தரக்கூடாது. அப்படிச் செய்தால் கார் தொழிலே படுத்துவிடும் என்று அலறுவார்கள். 15 போல்ட்டில் திறந்த கார் 1927 வரை ஒன்றரைக் கோடி விற்றது.